அடிக்காமலே பயந்தோமே, அந்த வாத்தியார்கள்: ஆண்கள் பள்ளி நினைவுகள்

நீலமை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 1986-ல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒருவர், "அன்று வாத்தியார் பிரம்பை எடுத்தார், நாம் உருப்பட்டோம். இன்று பிரம்பு இல்லை, பிள்ளைகள் உருப்படவில்லை" என்று எழுதினார். வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழுந்தன. நானும் ஒன்று போடப் போனேன். போட முடியவில்லை.

காரணம் எங்கள் கணக்கு வாத்தியார். ஆண்கள் பள்ளி, வகுப்பில் அறுபது பேருக்கு மேல். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். ஆனால் நான் அவரிடம் படித்த மூன்று வருடத்தில் அவர் ஒரு பையனைக்கூடத் தொட்டதில்லை. பிரம்பே கிடையாது. வீட்டுக்கணக்கு போடாமல் வந்தவனை எழுப்பி, "எந்த வரி வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பார். "ஒண்ணுமே வரலை சார்" என்றால் விடமாட்டார். போர்டுக்கு வரச் சொல்லி, கொடுத்திருப்பதை முதலில் எழுது, கேட்டிருப்பதை அதன் கீழே எழுது என்பார். எழுதியதும், "சரி, ரெண்டு வரி வந்திருக்கே. நாளைக்கு மூணாவது வரியோட வா" என்று உட்கார வைப்பார்.

மறுநாள் மறக்காமல் அவனையே எழுப்புவார். அதற்கு மறுநாளும். எங்கள் பயமெல்லாம் அவர் மறக்கமாட்டார் என்பதுதான்.

அதே பள்ளியில் இன்னொருவர் தினமும் அடித்தார். அவர் நடத்திய பாடத்தில் ஒரு வரிகூட இன்று என்னிடம் இல்லை. அவருடைய பிரம்பின் நுனியில் சுற்றியிருந்த சிவப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் கண்ணில் நிற்கிறது.

அதனால் கேட்கிறேன். கண்டிப்பான ஆசிரியர் என்று நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? அவர் செய்தது என்ன? பொதுவாகச் சொல்ல வேண்டாம். ஒரு நாள், ஒரு வகுப்பு, அதில் நடந்ததை எழுதுங்கள். பள்ளியின் பெயரும் ஆசிரியர் பெயரும் வேண்டாம்.

கடைசிபெஞ்ச்

எங்கள் பி.டி. மாஸ்டர். ப்ரேயர் பெல் அடித்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் விசிலோடு நிற்பார். லேட்டாக வந்தவன் பையைக் கீழே வைத்துவிட்டு கிரவுண்டை நான்கு சுற்று ஓட வேண்டும். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். முதல் சுற்று அவரும் கூடவே ஓடுவார். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி இருந்த மனிதர். ஓடிக்கொண்டே பையனுடைய மூச்சைக் கவனிப்பார். யாராவது காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் அரைச் சுற்றிலேயே கண்டுபிடித்து, போய் உட்காரு என்று அனுப்பிவிடுவார். ஒரு தடவை என்னை அப்படி அனுப்பினார். எப்படித் தெரிந்தது என்று நான் இன்றுவரை யோசித்திருக்கிறேன்.

ஒற்றுமிகும்

எங்கள் தமிழ் ஐயாவைப் பற்றி எழுத எனக்கு இப்படி ஒரு இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வல்லினம் மிக வேண்டிய இடத்தில் ஒற்றை விட்டால் அரை மதிப்பெண் போகும். மிகக்கூடாத இடத்தில் போட்டாலும் அரை மதிப்பெண். நூற்றுக்கு எழுபது வாங்கக்கூடிய பையன் முப்பத்தெட்டு வாங்கி, கட்டுரை நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் நான், "அவன் ஊர் ஊராக வேலைத் தேடினான்" என்று எழுதிவிட்டேன். ஐயா என் நோட்டை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார். 'வேலை தேடினான்', 'வேலைத் தேடினான்' என்று இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். என்னை எழுப்பி, "தம்பி, உங்க ஆளு உத்தியோகம் தேடிப் போனாரா, தொலைஞ்சுபோன வேலாயுதத்தைத் தேடிப் போனாரா?" என்று கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். முதலாவதில் இருப்பது வேலை. இரண்டாவதில் வேல், அதோடு ஐ உருபு. உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். அன்றிலிருந்து இரண்டாம் வேற்றுமையில் எனக்குப் பிழை வந்ததில்லை. இந்தப் பெயரை இங்கே நான் வைத்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அவர் தண்டனை என்னவென்றால், பிழையான வாக்கியத்தைத் திருத்திப் பத்து முறை எழுத வேண்டும். முழுக் கட்டுரையையும் எழுதச் சொல்லமாட்டார். "எங்கே வழுக்கிச்சோ அங்கேதான் நடந்து பழகணும்" என்பார்.

யாப்பு நடத்தினால் மேசையில் தட்டுவோம். நேரசைக்கு ஒரு தட்டு, நிரையசைக்குச் சேர்த்து இரண்டு தட்டு. தேமா என்றால் தட்டு, தட்டு. புளிமா என்றால் தட்டுத்தட்டு, தட்டு. ஐம்பத்தெட்டு பையன்கள் சேர்ந்து கருவிளம் கூவிளம் தட்டினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும். யாராவது தாளம் தப்பினால் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, முதல் சீரிலிருந்து மறுபடியும் தொடங்குவார். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில்தான் முடிய வேண்டும். அந்த இடம் சரியாக வந்து விழும்வரை பெல் அடித்தாலும் விடமாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் வாங்கிப் போன ஐம்பத்தெட்டு நோட்டும் மறுநாள் காலை முதல் பீரியடில் மேசைமேல் இருக்கும். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை. எங்களுக்கு இரவில் வேறு வேலை இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்தானே? அதை அந்த வயதில் ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை.

பிப்பெட்

ஒற்றுமிகும் எழுதியதைப் படித்ததும் எங்கள் கெமிஸ்ட்ரி சார் ஞாபகம் வந்துவிட்டது.

லேபில் அவர் ஒரு தடவைதான் கத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் அடர் கந்தக அமிலம் இருந்த பீக்கரில் தண்ணீரை ஊற்றப் போனான். அமிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட வேண்டும். மாற்றிச் செய்தால் சூடு தாங்காமல் மேலே விழுந்த தண்ணீர் கொதித்து அமிலத்தோடு சேர்ந்து முகத்தில் தெறிக்கும். சார் போட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது. ஒரு வாரம் அவன் லேபுக்குள் வரக்கூடாது, வாசலில் நின்று மற்றவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் சாரே அவனைக் கூப்பிட்டு, தன் கண்முன்னால் சரியாகச் செய்ய வைத்தார்.

அதைவிட முக்கியமானது டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு பார்ப்பது. பிளஸ் டூவில் பெர்மாங்கனேட்டை பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் எடுத்து, கீழே ஃபிளாஸ்க்கில் 20 மி.லி. ஃபெரஸ் உப்புக் கரைசல் வைத்துச் செய்வோம். லேசான ரோஸ் நிறம் வந்து போகாமல் நின்றால் நிறுத்த வேண்டும். இரண்டு ரீடிங் ஒத்து வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இங்கேதான் எல்லாரும் ஏமாற்றுவோம். முதல் ரீடிங்கை ஒழுங்காக எடுத்துவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் மனதிலிருந்தே எழுதிவிடுவோம்.

சார் என் நோட்டைப் பார்த்தார். மூன்று ரீடிங், ஒவ்வொன்றும் 19 மி.லி.க்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் என் பியூரெட்டைப் பார்த்தார். "50 மி.லி. பியூரெட். ரெண்டு தடவைக்கு முப்பத்தெட்டு தீர்ந்துபோச்சு. மூணாவதுக்கு எப்ப நிரப்பினே?" என்று கேட்டார். நான் நிரப்பவே இல்லை. விடை சரி, ஆனால் பூஜ்யம். என் பக்கத்தில் இருந்தவனுக்கு மூன்று ரீடிங்கும் மூன்று விதமாக வந்திருந்தது, விடையும் தப்பு. ஆனால் எடுத்ததை எடுத்தபடி எழுதியிருந்தான். அவனுக்கு நல்ல மார்க் போட்டு, ஃபிளாஸ்க்கை எப்படிக் கழுவ வேண்டும் என்று கூடவே நின்று காட்டிக் கொடுத்தார்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்போது முப்பது வருடமாக ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எடுக்காத ரீடிங்கை எழுதியதில்லை.

முழங்கால்

எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். எட்டாம் வகுப்பில் ஒரு ஆசிரியர், பாடத்தை வரிசையாக எழுந்து சத்தமாகப் படிக்க வைப்பார். என் முறை வந்தால், ஒவ்வொரு தடுக்கலுக்கும் உள்ளங்கையில் ஒன்று. அடி விழுந்தால் இன்னும் திக்கும். திக்கினால் அடுத்த அடி. 'ப'வில் தொடங்கும் சொல் வந்தால் எனக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். முந்தைய பையன் படிக்கும்போதே எனக்கு எந்தப் பத்தி வரும், அதில் எத்தனை 'ப' இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அவன் படித்தது ஒன்றும் காதில் ஏறாது.

அடியை நான் மறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வலி ஞாபகம் இல்லை. வகுப்பு சிரித்தது மறக்கவில்லை. அந்த ஆசிரியர் அதை நிறுத்தச் சொல்லவில்லை என்பதும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பள்ளியில் வாயைத் திறக்கவில்லை. ஆஜர் சொல்வதற்குப் பதிலாகக் கையைத் தூக்குவேன்.

அவரையும் கண்டிப்பான ஆசிரியர் என்றுதான் ஊரில் சொன்னார்கள். அதனால் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உங்களைப் போல நெகிழ்ச்சி வருவதில்லை.

ஒற்றுமிகும்

முழங்கால், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். நான் சிரித்தவர்களில் ஒருவன். என் 'வேல்' கதையில் வகுப்பு சிரித்தது என்று சந்தோஷமாக எழுதினேன். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை, ஏனென்றால் ஐயா சிரித்தது என் வாக்கியத்தைப் பார்த்து. உங்கள் வகுப்பு சிரித்தது உங்களைப் பார்த்து. அந்தப் பையனைத் தேடி எழுதப் போகிறேன்.

அந்தக்காலம்

நண்பர் முழங்கால் பட்டது கொடுமை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

என் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது அப்பா ஹெட்மாஸ்டரிடம், "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். அது அவருக்குத் தெரிந்த மரியாதை. பையனை உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று அர்த்தம். எங்கள் வகுப்பாசிரியர் என்னை அடித்திருக்கிறார், நிறையவே. பெஞ்சுமேல் நிற்க வைத்திருக்கிறார், முட்டி போட வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், நான் பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். பதினோராவது நாள் அவர் சைக்கிளில் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். மறுநாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதர் இல்லையென்றால் நான் இங்கே எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அவர் அடித்தார் என்பதற்காக அவரைக் குற்றவாளி ஆக்க என்னால் முடியாது.

நீலமை

அண்ணா, அவரை யாரும் குற்றவாளி ஆக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் படிக்க வைத்தது அவருடைய பிரம்பா, சைக்கிளா?

அந்தக்காலம்

இதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன் தம்பி. சைக்கிள்தான். ஆனால் பிரம்பும் அதே கையில்தான் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை.

கடைசிபெஞ்ச்

இடையில் ஒன்று. நாம் எல்லாரும் ஆண்கள் பள்ளி என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறோம். அடி வாங்கியவன் அழக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டது எந்த வாத்தியாரும் இல்லை, நாங்கள்தான். எத்தனை அடி வாங்கினாய் என்று இடைவேளையில் கணக்கு நடக்கும். அதிகம் வாங்கியவன் பெரிய ஆள். கண் கலங்கியவனை "பொம்பளைப் பிள்ளையாடா நீ" என்று வருடக்கணக்கில் ஓட்டுவோம். இன்று அறுபது வயதில் வாட்ஸப்பில் "நான் வாங்காத அடியா" என்று எழுதுகிறவர்களும் அதே இடைவேளையில்தான் இன்னும் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கும் வலித்திருக்கிறது. சொல்ல இடம் கிடைக்கவில்லை.

வடலி

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் 'சேர்' என்றுதான் சொல்வோம். எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேர் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும்; பொடியன்களுக்கு அவரைக் கண்டாலே நடுக்கம். 2005-ல் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்து பிரம்பு கூடாது என்றார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பத்து வருடம் முந்திய கதை.

1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எங்கே போனார்கள் என்றே தெரியாது. பக்கத்துப் பகுதியான தென்மராட்சியில் வேறொரு பாடசாலைக் கட்டடத்தில் பின்னேரங்களில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. இடம் காணாது, மரத்துக்குக் கீழேயும் இருந்து படித்தோம். சேர் எப்படியோ எங்கள் வரவு இடாப்பை, நீங்கள் சொல்லும் ஆஜர் பதிவேட்டை, கொண்டு வந்திருந்தார். முதல் நாள் பதினெட்டுப் பேர் இருந்தோம். அவர் முப்பத்தொன்பது பெயரையும் வாசித்தார். பதில் வராத பெயருக்கு ஒரு நிமிடம் நின்று, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரிந்ததைப் பென்சிலால் பக்கத்தில் எழுதினார். ஒவ்வொரு நாளும் இப்படித்தான். ஒரு பெயரைக்கூட வெட்டவில்லை.

பிந்தி வந்தால் அங்கேயும் ஏச்சுத்தான். வீடு இல்லை, புத்தகம் இல்லை, ஆனாலும் ஏன் பிந்தினாய் என்று கேட்க ஒருவர் இருந்தார். எனக்கு அது அப்போது எவ்வளவு தேவையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் அங்கே பிரம்பைக் கொண்டு வரவில்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

பிப்பெட்

வடலி, இடாப்பைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்த முப்பத்தொன்பது பேரில் எத்தனை பேரைப் பின்னால் பார்க்க முடிந்தது?

வடலி

இருபத்தாறு பேர். இன்னும் தேடுகிறோம்.

சிவப்புமை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். ஒரு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம். பிரம்பு வைத்திருந்தவன். அதனால் நான் எழுதாமல் இருப்பது சரியில்லை.

ஏன் அடித்தோம் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சாக்குப்போக்கு இல்லை. என் வகுப்பில் 72 பையன்கள். ஒரு பீரியட் 45 நிமிடம். வகுத்துப் பாருங்கள், ஒரு பையனுக்கு 38 வினாடிகூட வராது. இதில் ஆஜர் எடுக்க வேண்டும், பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். வகுப்பை அமைதிப்படுத்த ஒருவனை அடித்தால் 71 பேர் அடங்குகிறார்கள். நாங்கள் செய்தது இந்தக் கணக்குத்தான். அந்த ஒருவன் பெரும்பாலும் ஒரே பையனாகவே இருந்தான். கேட்க ஆள் இல்லாத வீட்டுப் பையன். இதைத் தட்டச்சு செய்யவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2003-ல் தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆவது விதியைத் திருத்தி, பிள்ளைகளுக்கு உடலாலோ மனதாலோ வேதனை தரும் தண்டனை கூடாது என்று கொண்டுவந்தார்கள். ஆசிரியர் அறையில் அன்று நடந்த வாக்குவாதம் நினைவிருக்கிறது. கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். பிரம்பை பீரோவுக்குள் வைத்தேன். முதல் மூன்று வாரம் வகுப்பு சந்தை மாதிரி இருந்தது. நான் கத்தினேன். தொண்டை போயிற்று. குரல் போன பிறகு வேறு வழியில்லாமல் மெதுவாகப் பேசினேன். அப்போதுதான் முன் இரண்டு வரிசை, பின்னால் இருப்பவர்களை "ஷ்ஷ்" என்று அடக்கியது.

அப்புறம் ஒன்று கண்டுபிடித்தேன். நான் இருபது வருடமாக போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றதே இல்லை. அங்கே நின்று பார்த்தால் போர்டின் வலது ஓரம் வெளிச்சத்தில் பளபளத்தது, ஒரு எழுத்தும் தெரியவில்லை. எத்தனை வருடம் எத்தனை பையன்களை "ஏன்டா எழுதலை" என்று அடித்திருக்கிறேன் அந்த மூலையில்.

முழங்கால் என்ற பெயரில் எழுதியவருக்கு: உங்கள் ஆசிரியர் நான் இல்லை. ஆனால் வகுப்பு ஒரு பையனைப் பார்த்துச் சிரித்தபோது நிறுத்தாமல் இருந்திருக்கிறேன். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதல்செட்

ஐயா எழுதியதற்குப் பிறகு எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் காலத்து ஆசிரியர்கள் பட்ட பாட்டையும் ஒருவர் பதிவு செய்ய வேண்டும்.

1978-ல் பிளஸ் ஒன் தொடங்கியபோது சேர்ந்த முதல் செட் நான். அதுவரை பதினோரு வருடம் பள்ளி, பிறகு கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. ஒரே வருடத்தில் அது மாறியது. கல்லூரியில் நடத்திய பாடம் எங்கள் பள்ளிக் கட்டடத்துக்குள் வந்துவிட்டது. லேபில் சாமான் இல்லை, எங்களுக்கு முன்னால் எழுதியவன் எவனும் இல்லை என்பதால் பழைய கேள்வித்தாளும் இல்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒருநாள் வகுப்பில், "இந்தப் பாடத்தை நான் நேத்து ராத்திரிதான் படிச்சேன். புரியாததை எழுதி வெச்சிருக்கேன். உங்களுக்கும் அதே இடம்தான் புரியாம போகும்" என்று சொன்னார். அவ்வளவு கண்டிப்பான மனிதர் இப்படிச் சொன்னதும் எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அன்றைக்கு அந்த வகுப்பு கவனித்த மாதிரி வேறு எந்த வகுப்பும் கவனித்து நான் பார்த்ததில்லை. 1980-ல் பரீட்சை எழுதும்வரை அவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஏடு

வரலாற்றில் ஆர்வம் உள்ளவன் என்பதால் ஒரு சின்னக் குறிப்பு. பிரம்பு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. நம் திண்ணைப் பள்ளிகளிலேயே தண்டனை கடுமையாகத்தான் இருந்தது. கோதண்டம் என்று ஒன்று உண்டு. கூரையிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டு, பையன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். அகராதியிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. பிரிட்டனிலும் அரசுப் பள்ளிகளில் பிரம்பு 1987 வரை இருந்தது. ஆக, இது நம் பண்பாடு என்றோ அவர்கள் பண்பாடு என்றோ பிரிக்க முடியாது.

சட்டப்படி

சிவப்புமை ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முழங்கால் சொன்ன சம்பவத்தில் உள்ளங்கையில் விழுந்தது மட்டுமல்ல, அந்தச் சிரிப்பும் இன்று சட்டத்துக்குள் வரும். அதை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

முழங்கால்

ஒற்றுமிகும், சிவப்புமை ஐயா, இருவருக்கும் நன்றி. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 'ப' எனக்கு இன்னும் வராது. ஃபோனில் பேசும்போது சுற்றிவளைத்து வேறு சொல் போட்டுக்கொள்வேன்.

நீலமை

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணக்கு வாத்தியாரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பத்து நான்கு வயது. கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. என் குரலை வைத்தே எந்த செட் என்று சொன்னார்.

இந்த இழையைப் பற்றிச் சொல்லி, சில பதிவுகளைப் படித்தும் காட்டினேன். சிவப்புமை ஐயா எழுதியதை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். 72 பேர், 45 நிமிடம் என்ற இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு நான் கேட்டேன்: "எல்லாரும் பிரம்பு வெச்சிருந்தப்ப நீங்க மட்டும் ஏன் சார் அடிக்கலை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நானும் அடிச்சேன்பா. வேலைக்குச் சேர்ந்து முதல் ஆறு வருஷம். ஒரு பையன் வீட்டுக்கணக்கு போடாம வந்தான். ஒண்ணுமே வரலை சார்னு சொன்னான். நான் அவனை நம்பலை. அடிச்சேன். மறுநாள் அவன் வரலை. அப்புறம் வரவே இல்லை. நான் தேடிப் போகலை."

எந்த வரி வரைக்கும் வந்தது என்று அவர் எங்களிடம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்த பழக்கமாம். நான் இந்த இழையைத் தொடங்கியபோது இப்படி ஒரு பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அவரை நான் இப்போதும் அதே அளவு மதிக்கிறேன். ஆனால் முதல் பதிவில் அவரையும் அந்த சிவப்பு டேப் ஆசிரியரையும் வைத்து நான் போட்ட கோடு அவ்வளவு நேராக இல்லை.

முழங்கால்

அந்தப் பையன் யாரென்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா?

நீலமை

இருக்கிறது. பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார். ரோல் நம்பர் 41.